வங்குரோத்துச் சட்டம் ஒழுங்காக இருந்தால் கடைக்காரருக்கு நட்டமா?

சரி, அடுத்த கேள்வி. சுன்னாகம் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை குரல்பதிவாக அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர் இவரிடம் சீமெந்து, கம்பி, தகரம் என்று எட்டு லட்சம் ரூபாய்க்குக் கடனில் எடுத்திருக்கிறார். இப்போது கையில் ஒன்றுமில்லை, கழுத்தைப் பிடித்தாலும் தர வழியில்லை என்கிறாராம். இதைக் கேட்ட ரொறன்ரோ மைத்துனர், "இங்கே என்றால் பாங்க்ரப்சி, அதுதான் வங்குரோத்து, அடித்துவிட்டு ஒன்பது மாதத்தில் சுத்தமாக வெளியே வந்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணைக்கு விசர் வந்துவிட்டது. "எடுத்தவன் கையை உதறிவிட்டுப் போக, கொடுத்த நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? அப்படிச் சட்டம் இங்கே வந்தால் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர் நிலை என்ன? இது நியாயமா?" இதுதான் கேள்வி.

அண்ணை, முதலில் மைத்துனர் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கனடாவில் முதல் தடவை வங்குரோத்து ஆகிறவர், வருமானம் ஒரு அளவைத் தாண்டாவிட்டால், ஒன்பது மாதத்தில் கடனிலிருந்து விடுபடலாம். அது உண்மை. வருமானம் அந்த அளவுக்கு மேலே போனால் 21 மாதம் வரை இழுபடும், அந்தக் காலத்தில் மேலதிக வருமானத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். பிள்ளைக்குக் கட்டுகிற பராமரிப்புக் காசு, நீதிமன்றம் விதித்த தண்டப் பணம், ஏமாற்றி வாங்கிய கடன் இதெல்லாம் அழியாது. படிப்பு முடித்து ஏழு வருடம் ஆகாவிட்டால் மாணவர் கடனும் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் கடன் பதிவில் பெயர் கறுப்பாகக் கிடக்கும். எங்கள் கிறிப்பில், அதுதான் கடன் தகவல் பணியகத்தில், பெயர் விழுவது மாதிரித்தான். வீட்டுக் கடன், வாகனக் கடன் எதற்குப் போனாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

சரி, உங்கள் எட்டு லட்சத்துக்கு வருவோம். ஒழுங்கான வங்குரோத்துச் சட்டம் இல்லாத இடத்தில்தான் உங்களைப் போன்ற கடைக்காரருக்குக் கூட நட்டம் என்று நான் நினைக்கிறேன். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது நான் சும்மா எடுத்த உதாரணம்.

அந்தக் கொந்தராத்துக்காரருடைய காணி வங்கியில் ஈட்டில் இருக்கிறது, லாண்ட்மாஸ்டர் லீசிங்கில் இருக்கிறது என்று வைப்போம். காணி வங்கிக்குப் போகும், வாகனத்தை லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போவார். அதில் உங்களுக்குச் சதமும் வராது என்று வையுங்கள். மிச்சம் ஒரு கொங்கிறீற் கலக்கும் மெஷின், மோட்டார் சைக்கிள், கொஞ்சப் பலகை, இரண்டு வீட்டுக்காரர் தர வேண்டிய காசு. எல்லாம் சேர்த்து ஏழு லட்சம். இதற்கு வரிசையில் நிற்கிறவர்கள் யார்? நாளுக்கு நாள் வட்டி ஏற்றுகிற மீற்றர் வட்டிக்காரர் 14 லட்சம், நீங்கள் 8, மரக்காலைக்காரர் 4, சீமெந்துக் கல் அரிகிறவர் 2. மொத்தம் 28 லட்சம்.

இன்றைக்கு நடப்பது என்ன? வட்டிக்காரர் விடிய ஆறு மணிக்கு இரண்டு பெடியளோடு வந்து மெஷினையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிவிடுவார். பலகையை மச்சான் முறையான ஒருவர் "எனக்கும் தர வேண்டும்" என்று கொண்டுபோவார். நீங்கள் மரியாதையான ஆள், "தம்பி, பார்த்துச் செய்யும்" என்று இரண்டு தரம் போன் எடுத்திருப்பீர்கள். உங்களுக்குப் பூச்சியம். கல் அரிகிறவருக்கும் பூச்சியம்.

அதே ஏழு லட்சத்தைச் சட்டப்படி நியமித்த ஒரு பொறுப்பாளர் கையில் எடுத்து, கடன் அளவுக்கு விகிதப்படி பிரித்தால் ரூபாய்க்கு 25 சதம் வரும். உங்களுக்கு 2 லட்சம், மரக்காலைக்கு ஒன்று, கல் அரிகிறவருக்கு 50 ஆயிரம். பொறுப்பாளருடைய செலவு கழியும், அதனால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனாலும் பூச்சியத்தை விட மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. வங்குரோத்து ஆவதற்கு இரண்டு மாதம் முன்னர் அந்த ஆள் வட்டிக்காரருக்கு மட்டும் தனியாக 4 லட்சம் கொடுத்திருந்தால்? கனடாச் சட்டத்தில் மூன்று மாதத்துக்குள், ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்துக் கட்டிய காசைத் திருப்பி எடுக்கலாம். சொந்தக்காரருக்குக் கொடுத்தது என்றால் 12 மாதம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்த 4 லட்சம் திரும்பி வந்தால் பிரிக்க இருக்கிற காசு 11 லட்சம், வட்டிக்காரருக்குத் தர வேண்டியதும் திரும்பக் கூடுவதால் கடன் 32 லட்சம், உங்கள் பங்கு 2 லட்சத்து 75 ஆயிரம். இதற்கு மேலே, அந்தப் 14 லட்சத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று யாராவது கேட்க வேண்டும். வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்ற விதி எங்கள் நாட்டிலேயே 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தில் கிடக்கிறது. வங்கிகளின் கதை வேறு, அதை விடுங்கள். ஆனால் நாளுக்கு நாள் வட்டி ஏற்றுகிற ஆள் ஒரு பொறுப்பாளருக்கு முன்னால் கணக்குக் காட்ட வேண்டி வந்தால் அவருடைய தொகை மடமடவென்று இறங்கும். கடன்பட்டவரை அடித்துக் கேட்பதைவிட உங்களுக்கு இதில்தான் காசு இருக்கிறது.

இலங்கையில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தக் காலத்தில் கடனுக்காக ஆளைப் பிடித்துச் சிறையில் போடலாம், அதிலிருந்து பாதுகாப்புக் கொடுப்பதுதான் இதன் பெரிய பயன்களில் ஒன்று. எனக்குப் பிடித்த பகுதி, கடைசியில் கொடுக்கிற சான்றிதழில் மூன்று தரம் இருப்பது. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் தரம். ஓரளவு தன் பிழையும் சேர்ந்தவருக்கு இரண்டாம் தரம். முழுக்கத் தன் பிழையால் விழுந்தவருக்கு மூன்றாம் தரம். வெள்ளைக்காரன் எழுதிய பழைய சட்டம்தான், ஆனாலும் "இவன் ஏன் விழுந்தான்" என்று கேட்கிற ஒழுங்கு அதில் இருந்தது. நடைமுறையில் இதை யாரும் தொடுவதில்லை என்றே சொல்லலாம். இதை மாற்றிப் புதிதாக ஒன்று கொண்டுவர வேண்டும் என்ற பேச்சும் சில வருடமாக நடக்கிறது.

அந்தக் கேள்வியை உங்கள் கொந்தராத்துக்காரர் விஷயத்திலும் கேட்டுப் பாருங்கள். 2021இல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்ற சீமெந்துப் பை அடுத்த வருடம் மூவாயிரம் அளவுக்குப் போனது உங்களைவிட யாருக்குத் தெரியும்? சதுர அடிக் கணக்கில் முன்கூட்டியே விலை பேசிக் கைச்சாத்திட்ட கனபேர் அந்த ஒரு வருடத்தில் விழுந்தார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. ஏ9 பாதை திறந்த பிறகு லீசிங்காரரும் நுண்கடன்காரரும் வீட்டுப் படலைக்கே வந்து கடன் கொடுத்ததையும் பார்த்தோம். 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனில் ஒரு லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இப்படி விழுந்தவரை இருபது வருடம் அதே கடனோடு கட்டி வைத்தால் அவர் உழைக்கவே மாட்டார். உழைத்தால் வட்டிக்காரர் எடுப்பார், அதனால் பெயர் தெரியாத இடத்தில் போய் நாள் சம்பளத்துக்கு நிற்பார். அதில் உங்களுக்கு என்ன லாபம்?

நாட்டையே பாருங்களேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. பிறகு எல்லாக் கடன் கொடுத்தவரையும் மேசையில் இருத்திப் பேசி, சர்வதேசப் பிணைமுறிக்காரர் அசலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். நாட்டுக்கு இருக்கிற அந்த மேசை சுன்னாகத்துக் கொந்தராத்துக்காரருக்கு இல்லை, அவருக்குச் சாமான் கொடுத்த உங்களுக்கும் இல்லை.

ஆனால் அண்ணை, உங்கள் பக்கத்திலும் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதைக் கனடாக்காரரும் முழுதாகத் தீர்க்கவில்லை. வட்டிக்குக் கொடுக்கிறவர் பத்துப் பேரில் ஒருவர் ஓடுவார் என்று கணக்குப் பார்த்துத்தான் வட்டி வைக்கிறார். நீங்கள் வட்டியே வைக்கவில்லை. நூறு ரூபாய்ச் சாமானில் உங்களுக்கு நாலு ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள், போன எட்டு லட்சத்தை மீட்க இரண்டு கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும். அதில் ஒரு கொள்வனவுக் காசோலை திரும்பினால் நீங்களும் வங்குரோத்து. வட்டிக்காரரையும் உங்களையும் ஒரே வரிசையில் ஒரே விகிதத்தில் நிற்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதாகச் சட்டம் எழுதுகிறவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கனடாவில் இதற்கு ஒரு அரைவாசி மருந்து இருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கிய ஆள் வங்குரோத்து ஆனால், அதற்கு முந்தின 30 நாளுக்குள் நீங்கள் இறக்கிய சாமான் பிரிக்காமல், அடையாளம் காணக்கூடியதாகக் கிடந்தால் திருப்பிக் கேட்கலாம். வங்குரோத்து ஆன 15 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். விவசாயிக்கும் மீன்பிடிக்காரருக்கும் இன்னும் நல்ல ஏற்பாடு: முந்தின 15 நாளுக்குள் கொடுத்த விளைபொருளுக்கு, வாங்கினவருடைய சரக்கின் மேல் அவர்களுக்கு முதல் உரிமை. இணுவிலில் இருந்து வெங்காயம் ஏற்றுகிறவருக்கும் குருநகரில் மீன் கொடுக்கிறவருக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு உதவி! ஹாட்வெயார்காரருக்குத்தான் கஷ்டம், சீமெந்து அத்திவாரத்துக்குள் போன பிறகு எதைத் திருப்பிக் கேட்பது?

இன்னொரு சந்தேகமும் உங்கள் பதிவில் இருந்தது, கொந்தராத்துக்காரருடைய வீடு மனிசியின் பெயரில் இருக்கிறது, அதைப் பிடிக்கலாமா என்று. அது சீதன வீடு என்றால் விட்டுவிடுங்கள். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்டவர்களுக்கு, 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியின் தனிச் சொத்து கணவனுடைய கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தைப் பராமரிக்கப் பட்ட கடன் போன்ற சில விலக்குத்தான் உண்டு. இது சிலருக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த வீடு ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கொடுத்தது, உங்கள் சீமெந்துக்கு ஈடாக வைத்தது இல்லை. கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டம் என்றால் கதை வேறு. உங்கள் கடனுக்குப் பயந்து போன மாதம்தான் மச்சானுக்கு நன்கொடை உறுதி எழுதினார் என்றால் அதுவும் வேறு. கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதின உறுதியை ரத்துச் செய்யும்படி வழக்குப் போடலாம். காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்.

இப்போது அவசரமான விஷயம், தயவுசெய்து இதை வடிவாகக் கேளுங்கள். விற்று இறக்கிய சாமானுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் இலங்கையில் வழக்குப் போடுகிற காலக்கெடு ஒரே ஒரு வருடம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமை, காலாவதிச் சட்டம் அது. கையெழுத்து வைத்த புறோநோட், அதாவது கடன் உறுதிச் சீட்டு, என்றால் ஆறு வருடம். வங்கி எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் "கம்பி 12 எம்எம் 40, சீமெந்து 60, பாக்கி" என்று கொப்பியில் எழுதிவிட்டு, அவர் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்கூட வாங்காமல் இருக்கிறீர்கள். கடைசியாகச் சாமான் போன திகதியை இன்றைக்கே பாருங்கள். ஒரு வருடம் கிட்டுகிறது என்றால் அவரைச் சண்டை பிடிக்காமல் கூப்பிட்டு, இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது ஐயாயிரம் என்றாலும் கட்டச் சொல்லிப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். அதோடு காலம் திரும்ப ஓடத் தொடங்கும்.

பிறகு மத்தியஸ்த சபைக்குப் போங்கள். செலவில்லை, சட்டத்தரணி தேவையில்லை. அங்கே ஒரேயடியாக எட்டு லட்சம் கேட்டு நிற்க வேண்டாம். கனடாவில் வங்குரோத்துக்குப் பதிலாகக் கனபேர் செய்வது, கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு தவணைத் திட்டம் கொடுப்பது. ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்கிற அளவுக்குக் குறைத்துக் கேட்பார்கள், தொகையில் பெரும்பான்மை வைத்திருக்கிறவர்கள் சம்மதித்தால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் மரக்காலைக்காரரையும் கல் அரிகிறவரையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று பேரும் ஒன்றாக இருந்து பேசலாம். மாதம் 20 ஆயிரம் கட்டுகிறேன் என்று அவர் சொன்னால், உங்கள் மூவருக்கும் விகிதப்படி பிரியுங்கள். உங்களுக்கு மாதம் பதினோராயிரத்துச் சொச்சம் வரும். உடன்பாடு வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு வாருங்கள், வழக்குப் போடுவதைப் பற்றி அப்போது கதைக்கலாம். கொப்பியின் அந்தப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள், மூலக் கொப்பியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.