காலணா வரியும் நம் ஸ்டேஷனும்

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் வெயில் முகத்தில் அடித்தும் நகராமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே, பந்தலும் மைக்கும் மோரும் கொடுத்த வர்த்தகர் சங்கத்தாரே, விட்டுப்போன பெயர்களுக்குரிய பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். இந்தத் தண்டவாளத்துக்குப் பணம் போட்டது யார்? ஸ்டேஷன் எப்படி நடந்தது? வேதாரண்யத்து உப்பு எப்படி ரயிலேறியது?

பணம் போட்டது வெள்ளைக்காரன் என்று பலர் நினைக்கிறோம். இல்லை ஐயா. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தின் மேல் ரூபாய்க்கு 3 பை வீதம் தனி வரி வசூலித்தது. 3 பை என்றால் காலணா. அந்தக் காலணாக்கள் சேர்ந்துதான் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ் பாதை ஆகி 1894இல் திறந்தது. 1903இல் அறந்தாங்கி வரை நீண்டது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. போட்ட முதல் மிராசுதாரும் சிறு விவசாயியும் கட்டிய வரி. 'பார்க்காத பயிரும் கேட்காத கடனும் பாழ்' என்பார்கள். இந்தக் கடனை நாம் கேட்கவே இல்லை!

அடுத்தது, ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்து மோதாமல் பார்த்துக்கொண்டது ஓர் இரும்புப் பந்து. அதுதான் டிரைவருக்கு அனுமதிச் சீட்டு; பந்துகளை உள்ளே பூட்டி வைத்திருக்கும் கருவி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கும். இளைஞர்கள் சிரிக்கிறீர்கள், கேளுங்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துச் சம்மதம் சொல்லி, தன் கருவியின் கைப்பிடியை 'வண்டி வருகிறது' பக்கம் திருப்பினால்தான், இங்கே 'வண்டி போகிறது' பக்கம் திரும்பும். பந்து உருண்டு விழும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, போர்ட்டர் பிளாட்பாரத்தில் உயர்த்திப் பிடிப்பார். ஓடுகிற என்ஜினிலிருந்து கையை நுழைத்து அதை வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார்கள். பையின் வார் சரியாகப் பூட்டவில்லை என்று வையுங்கள். வீசிய வேகத்தில் பந்து துள்ளி, நடவுக்கு உழுது போட்ட சேற்றில் 'பொளக்'கென்று இறங்கிவிடும்! அந்தப் பந்து கருவிக்குள் போகாமல் தடம் பூட்டியேதான் கிடக்கும். அடுத்த வண்டிக்குப் பந்து வராது. காகிதத்தில் லயன் கிளியர், அதாவது 'தடம் காலி, போகலாம்' என்ற அனுமதி, எழுதிக் கொடுத்து மெதுவாக அனுப்ப வேண்டும். போர்ட்டர் வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்குவார், கேங்மேன் இறங்குவார், நாற்று முடியைப் போட்டுவிட்டு நடவுக்கு வந்த பெண்களும் தேடுவார்கள். ரயில்வே கால அட்டவணை நம் வயல் சேற்றில் புதைந்து கிடக்கும்! விவசாயியும் ரயிலும் வேறு வேறு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அகலப்பாதை ஆக்கி 2019 ஜூனில் திருவாரூர் – காரைக்குடி வண்டியை விட்டபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே வந்த ஊழியர் இறங்கி கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார். 149 கிலோமீட்டர் கடக்க 6 மணி நேரத்துக்கு மேல்! மாட்டு வண்டிக்கே பெருமை சேர்த்தது அது.

இப்போது நம் கோரிக்கைக்கு வருகிறேன். நெல் ஏற்ற நம் ஸ்டேஷனில் முழு நீளச் சரக்குத் தடம் வேண்டும். ஒரு சரக்கு ரயில் 42 வேகன்; நெல் சுமார் 2,000 டன், அதாவது 40 கிலோ மூட்டை 50,000. நீளம் 600 மீட்டருக்கு மேல். தடம் குட்டையானால் வண்டியை இரண்டாக வெட்டி, பாதியைத் தள்ளி, பாதியை இழுக்க வேண்டும்; இதுதான் ஷண்டிங். ஏற்றக் கொடுப்பது 9 மணி நேரம், தாண்டினால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம். ஷண்டிங்கிலேயே நேரம் போனால் சுமைப்பணித் தோழர்கள் என்ன செய்வார்கள்? நீடாமங்கலத்தில் ஷண்டிங் நடந்தால் கேட் மூடி ஊரே நிற்பதைப் பார்க்கிறோம். வேகன் தளத்துக்குச் சமமான மேடை, மேலே கூரை, இரவு விளக்கு, லாரி திரும்ப இடம் இவையும் வேண்டும். கூரையில்லாத மேடையில் ஒரு மழை போதும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதென்று வாங்கிய நெல் மூட்டைக்குள்ளேயே முளைவிடும். பார்க்காத பயிரும் கேட்காத கடனும் பாழ், ஐயா!

உப்பு வண்டிக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேதாரண்யம் வழியாகப் போகும் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதை 2023இல் மீண்டும் திறந்தது என்பதோடு நிறுத்துகிறேன். மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. பேனாவும் வர்த்தகர் சங்கத்தார் கொடுத்ததுதான். கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.