போனவரா, இருந்தவர்களா? போனவரே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, மேட்ச் பார்க்கிற நேரத்தில் மேட்சைப் பற்றிய சண்டையைப் பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். நான் இங்கிலாந்தின் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை, நம் ஊர் நேரம் நள்ளிரவு தாண்டி, பக்கத்து வீட்டு டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்துப் பார்த்தவன். 90 நிமிடம் ஆகிவிட்டது, பேயர்ன் முனிக் 1-0. பக்கத்து வீட்டு அண்ணன் "போய்ப் படுடா" என்று ரிமோட்டை எடுத்தார். நல்லவேளை, பேட்டரி வீக்கு. அவர் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்த நேரத்துக்குள் நம் ஷெரிங்காம் ஒரு கோல், சோல்ஷார் ஒரு கோல். கோப்பை நமக்கு! அந்த இரவைத் தந்த மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேல் வழக்குப் போட எனக்கு ஆசையா? இல்லை. ஆனால் "மான்செஸ்டர் யுனைடெட்டின் சரிவுக்குப் பொறுப்பு போனவரா, இருந்தவர்களா?" என்று தலைப்புக் கொடுத்துவிட்டீர்கள். போனவர் ஃபெர்குசன், இருந்தவர்கள் அவருக்குப் பின்னால் கிளப்பை நடத்தியவர்கள். பாசம் வேறு, பொறுப்பு வேறு.

எதிரணித் தோழி அழகாகப் பேசினார். 1986 நவம்பரில் வந்தார், 2013 மே மாதம் போனார், இடையில் 38 கோப்பைகள், அதில் 13 இங்கிலாந்து லீக் பட்டம், போகும்போதுகூட சாம்பியன் அணியாகத்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். அத்தனையும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். 2013க்குப் பிறகு அந்த 13 இன்னும் 13ஆகவே இருக்கிறது. 2024-25இல் அணி முடித்தது 15ஆவது இடம்.

சரி, அந்தச் சாம்பியன் அணியைப் பார்ப்போம். 2013 ஏப்ரல் 22, ஆஸ்டன் வில்லாவுடன் ஆட்டம். ரூனி பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்து, தோளுக்கு மேலாக இறங்கி வருகிறது. வான் பெர்சி அதைத் தரையில் விழ விடவில்லை. அப்படியே இடது காலில் வாங்கி அடித்தார், வலை. ஹாட்ரிக் போட்டார், பட்டம் உறுதியானது. இரண்டாவது இடத்துக்கும் நமக்கும் கடைசியில் 11 புள்ளி வித்தியாசம். இப்போது வயதைக் கேளுங்கள். கிக்ஸ் 39. ஸ்கோல்ஸ் 38. ஃபெர்டினாண்ட் 34. எவ்ரா 32. விடிச், கேரிக் இருவருக்கும் 31. அந்தக் கோலை அடித்த வான் பெர்சிக்கே 29. பழுத்த மாமரத்தைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு காய்த்திருக்கிறது" என்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு யார் கன்று வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. டி ஹேயா என்று ஒரு கன்று இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வைத்ததில் அதுதான் உருப்படியாக வளர்ந்தது. ஆனால் கோல்கீப்பரை மட்டும் வைத்துத் தோப்பு ஆகுமா?

நடுக்களத்தின் கதை இன்னும் மோசம். ஸ்கோல்ஸ் 2011இலேயே ஓய்வு பெற்றவர். நடுக்களத்தில் ஆள் இல்லை என்று 2012 ஜனவரியில் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். ரகசியம் வெளியே போகக்கூடாது என்று ஷூ கம்பெனிக்குக்கூடச் சொல்லாமல், கடைக்குப் போய் 40 பவுண்டுக்கு ஒரு பூட் வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார் மனிதர். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அதே ஆண்டு 19 வயது பையன் ஒருவன், பெயர் போக்பா, ஆட வாய்ப்பில்லை என்று யுவென்டஸுக்கு இலவசமாகப் போனான். நான்கு ஆண்டு கழித்து அவனையே 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். எதிரணி நண்பர்கள் அந்த 89 மில்லியனைப் பின்னால் வந்தவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள். அந்தச் செலவை எழுத வேண்டிய கணக்கு வேறு.

நடுவர் அவர்களே, ஆட்டக்காரர்களை வாங்கிவிடலாம். என் வழக்கு அதைவிடப் பெரியது. 26 ஆண்டுகளில் அவர் நான்கைந்து அணிகளைக் கட்டினார். ஒரு நாற்காலியைக் கட்டவில்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, எந்தப் பையனை மேலே ஏற்றுவது, எல்லாம் அவர் தலைக்குள். பக்கத்தில் தலைமை நிர்வாகி டேவிட் கில், விலை பேச. கால்பந்து இயக்குநர் என்று ஒரு பதவி அந்த கிளப்பில் எப்போது வந்தது தெரியுமா? 2021 மார்ச்சில்! அதுவரை கில்லும் ஃபெர்குசனும் போனில் பேசிக்கொள்வதுதான் துறை. அந்த இரண்டு பேரும் ஒரே கோடையில் கிளம்பினார்கள்.

நம் வீடுகளில் ஒரு காட்சி உண்டு. மாமியார் சாவிக்கொத்தை மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுவார். கொத்தில் முப்பது சாவி. எது பீரோவுக்கு, எது அரிசி அறைக்கு, எது என்றைக்கோ தொலைந்துபோன பெட்டிக்கு, அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கூடவே இருந்த கணக்குப்பிள்ளையும் அதே ரயிலில் ஏறிவிட்டார். அப்புறம் ஊரே வந்து "மருமகளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை" என்று பேசும். 2013 கோடை முழுக்க நடந்தது இதுதான். ஃபெல்லாய்னி என்ற நடுக்கள ஆட்டக்காரரை ஜூலை கடைசிக்குள் 23.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கும் வழி ஒப்பந்தத்திலேயே இருந்தது. அது தாண்டும் வரை விட்டுவிட்டு, சந்தை மூடும் கடைசி நாளில் 27.5 மில்லியன் கொடுத்தார்கள். எதிரணித் தோழி இதைச் சொல்லும்போது நானும்தான் கை தட்டினேன். ஆனால் இரண்டு பேர் போனால் வாங்கல் விற்கலே நின்றுபோகும்படி ஒரு கிளப்பை நடத்தி வந்தது யார்?

"யாருக்கு ஐயா தெரியும், வாரிசுப் பிரச்சினை இவ்வளவு பெரிதாகும் என்று?" எனக் கேட்கலாம். அவருக்குத் தெரியும்! அதே கிளப்பில், அதே கட்டடத்தில், ஏற்கெனவே நடந்தது. மாட் பஸ்பி 1945இல் மேலாளராக வந்தவர். மியூனிக் விமான விபத்தில் பாதி அணியை இழந்து, பத்தே ஆண்டில் ஐரோப்பியக் கோப்பை வாங்கியவர். 1969இல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த வில்ஃப் மெக்கின்னஸுக்கு வயது 31. நட்சத்திரம் பாபி சார்ல்டனுக்கும் அதே வயது. நேற்றுவரை தோளில் கை போட்டவனை இன்று பெஞ்சில் உட்காரச் சொல்ல வேண்டும். பஸ்பி எங்கே? பொது மேலாளர் என்ற பெயரில் அதே ஓல்ட் டிராஃபோர்டில். ஆட்டக்காரர்களுக்குக் குறை இருந்தால் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? 1970 டிசம்பரில் மெக்கின்னஸை இறக்கினார்கள், பஸ்பியே மறுபடி வந்து பருவத்தை முடித்துக் கொடுத்தார். 1974இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஃபெர்குசன் வந்தபோது பஸ்பி உயிரோடு இருந்தார், அதே மைதானத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அவரைத் தகப்பன் மாதிரி மதித்தார் ஃபெர்குசன். பஸ்பி காலத்துக்குப் பிறகு லீக் பட்டமே இல்லாமல் கிடந்த 26 ஆண்டு தாகத்தைத் தீர்த்து 1993இல் பட்டம் வாங்கியவரும் அவரே. ஒரு பெரிய மரம் சாய்ந்தால் எத்தனை ஆண்டு நிழல் இருக்காது என்று உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

அக்கம்பக்கத்திலாவது பார்த்திருக்கலாம். பக்கத்து ஊர் லிவர்பூல். அங்கே பூட் ரூம் என்று ஒரு அறை. பேருக்கு ஏற்றபடி ஷூ மாட்டி வைக்கும் அறைதான். பயிற்சியாளர்கள் அங்கே உட்கார்ந்து டீயும் பீருமாக அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பேசுவார்கள். 1974இல் மேலாளர் பில் ஷாங்க்லி திடீரென்று விலகினார். அதே அறையிலிருந்து பாப் பெய்ஸ்லி எழுந்து வந்தார், 6 லீக், 3 ஐரோப்பியக் கோப்பை. அவருக்குப் பின் அதே அறையிலிருந்து ஜோ ஃபேகன், முதல் ஆண்டிலேயே மூன்று கோப்பை. விலகிய பிறகும் ஷாங்க்லிக்குப் பயிற்சி மைதானத்துக்கு வந்து நிற்கும் பழக்கம் இருந்தது. மெதுவாக, மனம் நோகாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுமைதான். ஆனால் பெய்ஸ்லிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

யுனைடெட்டில்? 2001-02 பருவத்தின் முடிவில் ஓய்வு பெறப்போகிறேன் என்று முன்கூட்டி அறிவித்தார் ஃபெர்குசன். அந்தப் பருவத்தில் அணி தளர்ந்தது, 2002 பிப்ரவரியில் முடிவை மாற்றிக்கொண்டார். முன்கூட்டிச் சொன்னது தப்பு என்று அவரே பிற்பாடு சொன்னார். அதனால் இரண்டாவது முறை மூச்சு விடவில்லை. 2013 மே 8 அறிவிப்பு, மறுநாளே புதிய மேலாளர். காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மனைவியின் சகோதரி இறந்துவிட்டார், மனைவி தனியாக இருக்கிறார், இவருக்கு 71 வயது. எந்தக் கணவனும் போகத்தான் வேண்டும். ஆனால் 2002க்கும் 2013க்கும் இடையே 11 ஆண்டு இருந்ததே!

டேவிட் மோயஸ் மனைவியோடு கடைக்குப் போயிருந்தார். போன் வந்தது, வீட்டுக்கு வா என்று. ஜீன்ஸோடு போய் நின்றவரிடம், நீதான் அடுத்த யுனைடெட் மேலாளர் என்று சொல்லிவிட்டார் ஃபெர்குசன். சரி, இல்லை என்று சொல்லக்கூட வாய்ப்பு வரவில்லை என்று மோயஸே சொன்னார். முகத்தில் ரத்தமே இல்லையாம். போர்டு ஒருமனதாகத் தேர்ந்தது என்பது எதிரணி வாதம். ஒருமனது உண்மைதான், அந்த ஒரு மனம் யாருடையது என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இல்லை.

மோயஸும் தப்புச் செய்தார், மறைக்க மாட்டேன். ஃபெர்குசனின் பயிற்சியாளர்கள் ஃபீலன், மியூலன்ஸ்டீன், ஸ்டீல் என்று சாவியின் அடையாளம் கொஞ்சமாவது தெரிந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டார். கடைசி இடத்தில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக ஓரத்திலிருந்து 81 முறை பந்தைத் தூக்கிப் போடவைத்து 2-2 டிரா வாங்கினார். 81! அன்று நான் டிவியை அணைத்தேன், பேட்டரி நன்றாக வேலை செய்தது. ஆறு ஆண்டு ஒப்பந்தம் பத்து மாதத்தில் முடிந்தது. அவரை நீக்கிய தேதி 2014 ஏப்ரல் 22. வான் பெர்சி அந்தக் கோல் அடித்து சரியாக ஒரு வருடம்.

அதன் பிறகு மேலாளர்களாக வான் கால், மொரின்யோ, சோல்ஷார், ராங்னிக், டென் ஹாக், அமோரிம். கோப்பைகள் சில வந்தன. லீக் வரவில்லை. ஒருவர் தோற்றால் அவர் மேல் தப்பு. இத்தனை பேரும் ஒரே குழியில் விழுந்தால், குழி எப்போது வெட்டியது என்று கேட்கத்தானே வேண்டும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், உரிமையாளர்கள் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்பை வாங்கியது, அந்தக் கடனை கிளப் தலையிலேயே ஏற்றியது. 2024 மே 12 அன்று ஆர்சனல் ஆட்டத்தில் ஓல்ட் டிராஃபோர்ட் கூரை அருவி மாதிரி ஒழுகியதை எதிரணி நண்பர் நடித்தே காட்டினார். நன்றாக இருந்தது. ஆனால் 2005இல் ரசிகர்கள் தெருவில் இறங்கி, சிலர் மனம் வெறுத்துத் தனி கிளப்பே தொடங்கியபோது, உரிமையாளர்கள் நல்லவர்கள் என்று மேடைக்கு மேடை சான்றிதழ் கொடுத்தவர் யார்? அவர்கள் காலத்திலும் 5 லீக் பட்டம் வாங்கினார். ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துப் பிடிப்பதில் அவரைப்போல ஒரு வித்தைக்காரர் இல்லை. தரை நனையவே இல்லை. அதனால் கூரையைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. போகும்போது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே மே 12தான், 2013இல், அதே மைதானத்தில், மழையில் மைக்கைப் பிடித்து ரசிகர்களிடம் விடைபெற்றார். எனக்குக் கஷ்டமான நாட்களில் எல்லோரும் துணை நின்றீர்கள், இனி புதிய மேலாளருக்குத் துணை நிற்பது உங்கள் வேலை என்றார். பெருந்தன்மையான பேச்சு. நான் அழுதேன்.

மூன்று மாதம் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மோயஸ் எங்கே நின்றார் என்று கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். பயிற்சியாளர் பெஞ்சு தெற்குப் பக்கம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே வடக்கு ஸ்டாண்டு, அதில் பெரிய எழுத்தில் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்டாண்டு. அதற்கு வெளியே அவருடைய வெண்கலச் சிலை. பெயர்தானே என்று திரும்பினால், பின்னால் மேலே இயக்குநர்கள் வரிசையில் ஆளே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கோல் வாங்கும்போதும் டிவி கேமரா பந்தைக் காட்டிவிட்டு, மோயஸைக் காட்டிவிட்டு, அப்படியே மேலே ஏறி ஃபெர்குசன் முகத்தில் போய் நிற்கும். அந்தக் கேமராக்காரருக்கு யாரும் தலைப்புக் கொடுக்கவில்லை நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.