மூத்தவள் சோஃபி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் இதே மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, ‘ஹவுலின் நடமாடும் கோட்டை’ படத்தைச் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து, “டீச்சர், புத்தகத்திலும் இப்படித்தானா?” என்று கேட்டார்கள். அன்றைக்கு நேரமில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

இல்லை, நிறையவே வேறு. நான் பலமுறை படித்த நாவல் அது, அதனால் படம் ஓட ஓட மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

நாவலை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டயானா வின் ஜோன்ஸ், வெளிவந்தது 1986இல். அவர் ஒரு பள்ளிக்குப் போனபோது ஒரு பையன், நடமாடும் கோட்டை என்று ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று கேட்டானாம். அவன் பெயரை எழுதிப் பத்திரமாக வைத்தவருக்கு, வைத்த இடம் மறந்துபோய்விட்டது. அதைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே சொல்லி அவனுக்கு நன்றி கூறுகிறார். பின்வரிசைத் தம்பிகளே, கேட்டீர்களா, உங்களை மாதிரி ஒரு பையன் கேட்டதில் பிறந்த கதை இது.

சரி, கதையின் நாயகி சோஃபிக்கு வருவோம். மூன்று பெண்களில் மூத்தவள். கதை நடக்கும் நாட்டில் மூத்ததாகப் பிறப்பதே துரதிர்ஷ்டம், எதைத் தேடிப் போனாலும் முதலில் தோற்பது மூத்ததுதான் என்று நம்புகிறார்கள். தங்கைகள் வெளியே போய்விட, இவள் தொப்பிக் கடையிலேயே உட்கார்ந்து தைக்கிறாள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அக்காவின் முகம்தான் வரும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருட்டோடு எழுந்து அம்மாவுடன் பால்மரம் வெட்டப் போனார், அவருக்குப் பின்னால் பிறந்த நாங்கள் மூன்று பேரும் படித்தோம். ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் இப்படி எத்தனை மூத்த பிள்ளைகள்! படத்திலோ இரண்டு தங்கைகளில் ஒருத்தியையே காணோம், மூத்தவள் என்ற பேச்சும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு வலித்தது.

அப்புறம் அவள் வாய்ப்பேச்சு. நாவலில் அவள் தைத்துக்கொண்டே தொப்பிகளிடம் பேசுவாள், உனக்குப் பணக்கார மாப்பிள்ளைதான் என்பாள், போட்டுக்கொண்டவளுக்கு அப்படியே நடக்கும். தனக்கு வாக்குப் பலிக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அதைப் படத்தில் தேடித் தேடிப் பார்த்தேன்.

ஆனால் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி 2004இல் எடுத்த இந்தப் படம் வேறொன்றைக் கொடுத்தது. ஈராக் போரில் கோபம் கொண்டிருந்தவர் அவர், அதனால்தான் நாவலில் பேச்சளவில் இருக்கும் போர் இங்கே ஊரையே எரிக்கிறது. ஹவுல் என்ற மந்திரவாதியின் கோட்டையும் நாவலில் கறுத்து உயர்ந்த நான்கு கோபுரங்கள், இங்கே பழைய ரப்பர் ஆலை ஒன்று கால் முளைத்து நடப்பது போல இருந்தது. எல்லாவற்றையும்விட அந்த அரண்மனைப் படிக்கட்டு! கிழவியாகிவிட்ட சோஃபியும், அவளைக் கிழவியாக்கிய சூனியக்காரியும் மூச்சு வாங்க வாங்க ஏறுகிறார்களே, நாவலில் அப்படியொரு காட்சியே கிடையாது. முன்வரிசைப் பாட்டிகள் தங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நாவலில் அந்தச் சூனியக்காரி கடைசியில் செத்துப்போகிறாள். படத்தில் சக்தியெல்லாம் போய்க் குழந்தை மாதிரி ஆனவளுக்கு, சோஃபிதான் கஞ்சி ஊட்டுகிறாள். தன்னைக் கெடுத்தவளுக்கு! மூத்த பெண் என்று வாயால் சொல்லாமல் அங்கே மியாசாக்கி காட்டிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

தூங்கும்போது சோஃபி மறுபடி இளம்பெண் ஆகிறாளே, அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும், “அந்தப் புத்தகத்தை எனக்குத் தமிழில் சொல்லு” என்றார். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன். நேற்று, சோஃபி வேலியில் கிடந்த சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்தி வைக்கிற இடம் வரைக்கும் வந்திருக்கிறோம்.