புது ஆல்டர்னேட்டர் போட்டும் பேட்டரி இறங்குகிறதா? கடைக்கு ஓடாதீர்கள்!

நிறுத்துங்கள்! எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தப் புது ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் மாமா தன் டொயோட்டா டாஸ் காருக்கு அடுத்தடுத்து இரண்டு மாற்றினார். இரண்டுமே நல்லவைதான், கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு எர்த் வயர், அதாவது எஞ்சின் உடம்பைப் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் வயர்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பெல்ட் இறுக்கமா? சரி, போகலாம்.

எல்லோரும் என்ன செய்கிறார்கள், மல்டிமீட்டரை ஓம் (மின்தடை) பக்கம் திருப்பி வயரைத் தொடுகிறார்கள், 0 காட்டியதும் வயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம்! தைப்பூசத்தன்று கோயில் வாசலை நினைத்துப் பாருங்கள். பெரிய கதவு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது, ஓர் ஆள் நுழையும் சந்துதான் இருக்கிறது. விடியற்காலையில் பூசாரி தனியாகப் போய்வருவார், அவருக்கு ஒரு தடையும் தெரியாது. பத்து மணிக்குக் காவடிக் கூட்டம் வந்தால்? ஓம் மீட்டர் அனுப்பும் துளி மின்சாரம்தான் அந்தப் பூசாரி. ஆல்டர்னேட்டர் அனுப்பும் 40, 50 ஆம்பியர்தான் காவடிக் கூட்டம். வயருக்குள் இரண்டே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 0 காட்டும். டர்பன் உப்புக் காற்றில் மேலே ரப்பர் பளபளக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும்.

அதனால் கூட்டத்தை வரவைத்து அளந்து பாருங்கள். எஞ்சினை ஓட்டி ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போடுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2க்குள். பேட்டரி பக்கம் வயர் முனையின் கிளாம்பைத் தொடாதீர்கள், பேட்டரியின் ஈயக் குமிழையே தொடுங்கள், அழுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். ஓடும் பெல்ட், கை பத்திரம்!

மாமா காரில் இரண்டாவது அளவு 1.6. ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது, வழியிலேயே 1.6 போய்விடுகிறது, பேட்டரிக்கு வருவது வெறும் 12.6. அப்புறம் எப்படிச் சார்ஜ் ஏறும்?

புதுப்பித்த ஆல்டர்னேட்டர் வாங்கியவர்கள் பொருத்தும் இடத்தில் பெயின்ட் இருந்தால் எமரி போட்டுச் சுரண்டுங்கள், எர்த் அந்த வழியாகத்தான் போகிறது.

ஆல்டர்னேட்டரில் மாட்டும் சின்ன பிளக்குக்கு ஒரு சோதனை: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? பல பழைய கார்களில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது, பல்பு போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே போகலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பேனர் வைத்தீர்களா? ஷார்ட் ஆகிப் போயிருக்கலாம், முதலில் பெரிய ஃபியூஸைப் பாருங்கள்.

புது எர்த் வயர் போட்டதும் மாமா காரில் 0.05. உங்கள் காரில் எவ்வளவு? கமெண்டில் எழுதுங்கள். டர்பன்காரர்கள் ஏரியாவையும் சேர்த்து எழுதுங்கள், கடலோர வயரை உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.