தோளுக்கும் பயம் தெரியும்

அனைவருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. இருக்கிறபடியே அசையாமல் இருந்து, உங்கள் தோள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காதை நோக்கிக் கொஞ்சம் ஏறியிருக்கிறதா? தாடை இறுகியிருக்கிறதா? சரி, விடுங்கள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள், மாட்டிக்கொண்டவர்கள். தோளைத் தூக்கி வைக்கச் சொல்லி யாரும் உங்களுக்கு உத்தரவு போடவில்லை. அதுவாகவே ஏறியது.

நான் பிசியோதெரபி செய்கிறவன். பதற்றக் கோளாறுக்கான சிகிச்சை, வேலையால் வரும் தசை, மூட்டு வலிகளைத் தடுப்பது என்று இரண்டு தலைப்பையும் கொடுத்து ஒரே கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். நேரம் பற்றாமல் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், என்னிடம் கழுத்துவலியோடு வருகிறவரும், மனநல மருத்துவரிடம் படபடப்போடு போகிறவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். அதன் 1713 பதிப்பில் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் சொல்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது. மூன்றாவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலது கை சுத்தமாக விழுந்துபோனதாம். மனிதர் விடாமல் இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே கதி.

பேனா என்ன எடை இருக்கும்? அதைப் பிடித்த கை ஏன் விழுகிறது? 1990களின் தொடக்கத்தில் யோரான் ஹெக் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் ஒரு கருதுகோள் சொன்னார். தசை என்பது ஒரே கயிறு அல்ல. குழுக்குழுவாக வேலை செய்யும் இழைகள். லேசான வேலைக்கு முதலில் எழுப்பப்படுவது சிறிய இழைகள். பாரம் கூடும்போது பெரியவை வரும், குறைந்ததும் போய்விடும். சிறியவை மட்டும் தசை முழுசாகத் தளரும்வரை ஓயாது. அவற்றுக்குச் ‘சிண்ட்ரெல்லா இழைகள்’ என்று பெயர், கதையில் வீட்டு வேலையெல்லாம் தலையில் விழுந்த பெண்ணின் பெயர். முதலில் எழுந்து கடைசியில் படுக்கிறவர் யார் என்பது எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் கையைச் சும்மா வைத்திருந்தவர்களுக்கு அவசரமாக மனக்கணக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில் மின்செயல்பாடு கூடியது. தூக்கிய பாரம் எதுவுமில்லை, மனசில் இருந்ததுதான்.

பயப்படுவதே நோய் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது இயல்பு. தேர்வு முடிந்த பிறகும் அடங்காமல், ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதையாவது நினைத்து உழன்று, தூக்கமும் வேலையும் கெட்டால் அது கோளாறு. பொதுவான பதற்றக் கோளாறை இனம்காண மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் தசை இறுக்கமும் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், 2019இல் பதற்றக் கோளாறோடு வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடிப் பேர். சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது.

இத்தனைக்கும் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற நோய் இது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும், காப்பி கூடினாலும் படபடக்கும். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அப்புறம் பேச்சுவழிச் சிகிச்சை. அதில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. அதன் நுணுக்கத்தை ஒரு உதாரணத்தில் சொல்லிவிடலாம். கூட்டத்தில் பேசப் பயந்து ஒருவர் லீவு போடுகிறார். போட்ட நிமிடமே மனசு லேசாகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அடுத்த முறை பயம் இன்னும் கொழுத்து வந்து நிற்கும். அதனால் சிகிச்சையாளர் அவரைப் படிப்படியாக அந்த இடத்துக்கே கூட்டிப்போவார். முதலில் இரண்டு பேர் முன்னால், பிறகு ஐந்து பேர். நினைத்த விபரீதம் நடக்கவில்லை என்பதை உடம்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லிப் புரிய வைக்க முடிந்திருந்தால், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொன்ன அன்றே குணமாகியிருக்கும்.

மாத்திரையைப் பற்றி. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்கள் படபடப்பு கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி மெதுவாகத்தான். அல்பிரசோலம் வகை மாத்திரை அரை மணியில் நிம்மதி தரும், அதுதான் அதில் ஆபத்து, உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். தெரிந்தவர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள்.

இனி என் துறை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். முழங்கை உடம்பை ஒட்டியிருக்கட்டும், பாதம் தரையில் படட்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது கெடும். அதனால் உயர்த்தி வைத்து, தனிக் கீபோர்டு போடுங்கள். பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். இதெல்லாம் சுவரொட்டியிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அப்படியே மூன்று மணி நேரம் இருந்தால் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். அந்த இழைகளுக்குப் படுக்க ஒரு வாய்ப்பு.

‘எழுந்தால் மேலாளர் பார்க்கிறாரே’ என்பீர்கள். அதுவும் நோய்க்காரணம்தான். வேலைப்பளு அதிகமாகவும், அதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருந்தால் அழுத்தம் கூடும் என்று 1979இலேயே ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் எழுதினார். நாற்காலி வாங்கித் தரும் நிறுவனங்கள் இதைத் தொடுவதில்லை, நாற்காலி சுலபம்.

வலி வந்த பின் நடப்பதும் அந்த லீவு போட்டவரின் கதைதான். குனிந்தால் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து குனிவதை விட்டால், தசை நலிந்து, கொஞ்சம் குனிந்தாலே வலிக்கும். சாதாரண முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு சொல்வதை மருத்துவம் கைவிட்டுப் பல வருடமாயிற்று. கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலியையும் ‘பதற்றம்தான்’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

கணக்குப் பிரிவில் வேலை செய்த ஒருவர் வலது தோள்வலியோடு என்னிடம் வந்தார். நாற்காலி மாற்றி, மௌஸ் மாற்றி, பட்டை போட்டு எல்லாம் பார்த்துவிட்டார். எத்தனை மணி நேர வேலை என்று கேட்டேன். ‘எட்டு மணி நேரம். அப்புறம் சரிபார்க்க மூன்று மணி நேரம்’ என்றார். ஒவ்வொரு பட்டியலையும் நான்கு முறை சரிபார்ப்பாராம், மௌஸை விடாமல். நான் தோளுக்குப் பயிற்சி கொடுத்தேன், கூடவே மனநல ஆலோசகரிடமும் அனுப்பினேன். அவர் கொடுத்த வீட்டுப்பாடம், ஒரே ஒரு முறை சரிபார்த்துவிட்டு அனுப்புவது. முதல் நாள் இரவு தூக்கமே இல்லை என்றார். மூன்றாவது வாரம் நிஜமாகவே ஒரு தவறு போய்விட்டது. வாடிக்கையாளர் ‘இதைத் திருத்தி அனுப்புங்கள்’ என்று ஒரு வரி எழுதினார். திருத்தி அனுப்பினார். அவ்வளவுதான். அதை என்னிடம் சொல்லும்போது வலது கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை.