ஒலிவாங்கியை விட்டு விலகி நில்லுங்கள்: வன்னியின் புதிய ஆற்றுகைகள் பற்றி

சபையோருக்கு வணக்கம். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடுதலாக இருக்கிற சபை இது. அதனால் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு இறங்க மனமில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது மேடையேறுகிறவற்றில் எது நிற்கிறது, எது விழுகிறது, ஏன் விழுகிறது என்பதைப் பேசுவோம்.

நவீன நாடகம் என்றதும் கறுப்பு உடுப்பு, அரைவட்டமாக நின்று கதை சொல்கிற ஓர் உரைஞர் குழு, உடல்களாலேயே கட்டுகிற மரமும் படகும், ஒரு நீளத் துணி. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' இந்த மொழியைக் கையாண்டபோது அதற்கு அவசியம் இருந்தது. தனி ஒருவர் வாயால் சொல்லமுடியாததை ஒரு கூட்டத்தின் உடல் சொன்னது. இன்று பல மேடையேற்றங்களில் வடிவம் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. எட்டுப் பிள்ளைகள் குனிந்து படகாகிறார்கள். அந்தப் படகில் ஏறியது யார், எந்தக் கரைக்குப் போனார் என்று பிரதியில் ஒரு வரியும் இல்லை.

இதைவிடப் பெரிய பழுது ஒலிவாங்கி. மேடையின் முன்விளிம்பில் மூன்றை நட்டுவிட்டால், நடிகர் அதை நோக்கி நடப்பார், பேசுவார், பின்வாங்குவார். மேடை இருபதடி ஆழமாக இருந்தாலும் நாடகம் மூன்றடிக்குள் முடிந்துவிடும். கூத்துக்கு இது இன்னும் கேடு. சனம் சுற்றியிருந்து பார்க்கிற வட்டக்களரியில் ஆட்டக்காரர் சுற்றி வந்து நாலு பக்கத்துக்கும் முகம் கொடுப்பார்; ஒலிவாங்கிக்கு முன்னால் அதே ஆட்டம் வெறும் இடம்வலமாகச் சுருங்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஆட்டங்களை அந்த மேடைக்கேற்பத் திரும்பக் கோத்தார். நாங்கள் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, என்ன செய்யலாம்? பார்வையாளரை மூன்று பக்கமும் இருத்துங்கள். கடைசி வரிசை நாற்பதடிக்குள் இருந்தால் பழகிய குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. தகரக் கூரை மண்டபத்தில் சொல் எதிரொலித்துக் கலங்கும். பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் சாக்கையோ தடித்த துணியையோ தொங்கவிட்டால் பாதிக் கலக்கம் குறையும். மழை பிடித்தால் அந்தக் கூரைக்குக் கீழே எதுவும் கேளாது, ஆகவே மாரியில் அரங்கேற்றம் வைக்காதீர்கள். மத்தளத்துக்கு ஒலிவாங்கி வைக்கவே கூடாது, வைத்தால் பாட்டின் சொல் முழுக்க அமிழ்ந்துபோகும். வெளியில் ஆடுவதென்றால் மணலில் சலங்கை ஊமையாகும், காலும் இழுபடும். மண்ணை நனைத்து அடித்து இறுக்கி, நன்றாகக் காயவிட்டு ஆடுங்கள்.

சுருதி அடுத்த சிக்கல். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் தன் குரலுக்குச் சுகமான ஒன்றரைக் கட்டையில் பழக்குவார்; கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு. பெண்பிள்ளைகளுக்கு அது அடித்தொண்டை, சொல் வெளியே வராது. ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றிப் பாருங்கள், அதே பிள்ளை மண்டபத்தை நிறைப்பாள். குரல் உடைகிற வயதுப் பையனுக்கு நீண்ட விருத்தம் கொடுப்பது அநியாயம்.

ஒபெராவைக் காணொளியில் பார்க்கிற மாணவர்கள் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1607 இல் இத்தாலியின் மாந்துவா நகரில் மொன்தெவெர்டியின் 'ஓர்ஃபேயோ' அரங்கேறிய காலம் தொட்டு ஒபெராவும் பாட்டாலேயே கதை நடத்துகிற கலை. பின்னாளில் வாத்தியங்கள் பெருகியபோது, ஏறத்தாழ 3000 ஹேர்ட்ஸ் பகுதியில் குரலின் வலுவைக் குவிக்கப் பாடகர்கள் பழகிக்கொண்டார்கள். வாத்தியக் கூட்டத்தின் ஒலி அந்தப் பகுதியில் மெலிவு. அதனால் குரல் தனித்துக் கேட்கும். எங்கள் கூத்துக்காரர் வேறு வழி கண்டார்கள்: பிற்பாட்டு. ஆட்டக்காரர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிற அந்த நேரம்தான் அவர் மூச்செடுத்து ஆடுகிற நேரம். புதிய தயாரிப்புகள் நேரத்தை மிச்சப்படுத்தப் பிற்பாட்டை வெட்டுகின்றன. பத்தாவது நிமிடத்தில் ஆட்டக்காரர் இளைத்துப்போகிறார். பிறகு அதைச் சமாளிக்க ஒலிப்பதிவுக்கு வாயசைப்பு. வாயசைத்து ஆடுவதை நான் கூத்தென்று ஏற்கமாட்டேன்.

கலைஞரின் உடலும் செயலுமே படைப்பாகிற ஆற்றுகைக் கலை எங்களுக்கு அந்நியம் என்று சிலர் சொல்கிறார்கள். 1964 இல் ஜப்பானின் கியோத்தோவில் கலைஞர் யோகோ ஓனோ கத்தரிக்கோலை முன்னால் வைத்துவிட்டு மேடையில் அசையாமல் இருந்தார். பார்வையாளர் ஒவ்வொருவராக வந்து அவர் உடுப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பார்த்தவர் செயலுக்குப் பொறுப்பாளியாகிவிட்டார். நேர்த்திக்கு ஆடுகிற காத்தவராயன் கூத்தைத் தெரிந்த சனத்துக்கு இது புதிராக இராது. கதைநாயகனான ஒரே காத்தானைப் பல நடிகர்கள் மாறி மாறி ஏற்கிறார்கள், கடைசியில் வருகிற பின்காத்தான் கழுமரம் ஏறுகிறபோது சபை வெறும் சபையாக இருப்பதில்லை. ஆனால் ஓர் இளைஞர் பொதுவெளியில் முள்ளுக்கம்பியைச் சுற்றிக்கொண்டு நிற்பதால் மட்டும் அது ஆற்றுகையாகிவிடாது. பார்க்க வந்தவருக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது, செய்யாமல் விலகினால் என்ன நடக்கும், யாரைப் புண்படுத்தும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்கவேண்டும். காணாமற்போனவர்களின் தாய்மார் நடமாடுகிற ஊர் இது. அவர்களின் படங்களை மேடைப்பொருளாக எடுப்பதற்குமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

விமர்சனம் எழுதுகிற மாணவருக்கு ஒரு வேண்டுகோள். 'சிறப்பாக நடித்தனர்' என்று முடிக்காதீர்கள். திகதி, இடம், எத்தனை பேர் பார்த்தார்கள், எந்தப் பக்கம் இருந்தார்கள், எத்தனை மணித்தியாலம், மத்தளம் அடித்தவர் யார், பிற்பாட்டுப் பாடியவர் யார், எந்தக் காட்சியில் சனம் எழும்பிப் போனது, இவ்வளவையும் எழுதுங்கள். இடப்பெயர்வுகளில் கூத்துக் கொப்பிகள் எத்தனையோ அழிந்துவிட்டன. அண்ணாவிமாரின் நினைவில் மிச்சமிருக்கிற பாட்டுகளையும் இந்த வருடமே ஒலிப்பதிவு செய்து, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள்.