ஏரியே அவள் வீணை

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, 40 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து பின்னால் வந்த நமக்கெல்லாம் வீடு பிடித்துக்கொடுத்து, அரிசிக்கடை காட்டிக்கொடுத்த மூத்தோர்களே, ஜப்பானிய மண்ணில் பிறந்து, தமிழ் பயின்று, இன்று முன்வரிசையில் அமர்ந்து நம்மைப் பெருமைப்படுத்தும் பேராசிரியர் அவர்களே, கியோட்டோவிலிருந்தும் கோபேயிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைப்புக்குள் போகும் முன் ஒருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் நாம் 42 பேர் பிவா ஏரியைச் சுற்றிப் போன பயணத்துக்கு வழிகாட்டியாக வந்த அம்மையார், நம் அழைப்பை ஏற்று இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார். காலை ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறியபோது எப்படிச் சிரித்த முகத்தோடு இருந்தாரோ, இரவு எட்டு மணிக்கு இறங்கும்போதும் அப்படியே இருந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் படியேறும்போதெல்லாம் கைபிடித்தார். அம்மா, உங்களுக்கு இந்த அவையின் சார்பில் நன்றி. பேருந்தை ஓட்டிய நண்பர் இன்று வர இயலவில்லை. அவருக்கும் நம் நன்றியைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

கோயில், கோட்டை, அருங்காட்சியகம் என்று மூன்று தலைப்பில் பேச வந்திருக்கிறேன். நேரமிருந்தால், இப்படிப்பட்ட பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதையும் சொல்கிறேன். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி வைத்திருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு அது புதிதல்ல, எந்த மேடையிலும் அதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.’

ஷிகா மாகாணத்தில் இந்த ஏரியை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? ‘மதர் லேக்’, தாய் ஏரி என்று. அரசாங்கம் ஏரியைக் காக்கப் போட்ட திட்டத்துக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தது. நம் பாட்டன் சொன்ன பழமொழியும் அவர்கள் வைத்த பெயரும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டிலும் தாய் இருக்கிறாள், தண்ணீர் இருக்கிறது.

670 சதுர கிலோமீட்டர் பரப்பு. அந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு இந்த ஏரிதான். ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுப் பழமை. நானூறுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் உள்ளே வந்து விழுகின்றன, இயற்கையாக வெளியே போகும் ஆறோ ஒன்றே ஒன்று, செத்தா ஆறு. அதுதான் கீழே வரவர உஜி ஆறாகி, யோதோ ஆறாகி, ஒசாகாவுக்கு வருகிறது. கியோட்டோவுக்கு 1890இல் மலையைக் குடைந்து கால்வாய் வெட்டினார்கள், இன்றும் அந்த ஊர்க் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். ஆக, இன்று காலை நீங்கள் வீட்டில் போட்ட காபி பிவா ஏரியில் போட்டது. நேற்று வைத்த ரசமும் அப்படியே. ஒரு கோடியே 40 லட்சம் பேர் இந்த ஒரு தாயிடம் தண்ணீர் குடிக்கிறோம்.

கோயிலுக்கு வருகிறேன். ஏரிக்குள், வடபகுதியில் சிக்குபுஷிமா என்று ஒரு தீவு. சுற்றளவு 2 கிலோமீட்டர்தான் இருக்கும். ஹிகோனே துறையிலிருந்து படகில் 40 நிமிடம். அங்கே ஹோகோன்ஜி கோயில், 724ஆம் ஆண்டில் கியோகி என்ற துறவி தொடங்கியது என்பது கோயில் மரபு. உள்ளே வீற்றிருப்பவள் பென்சாய்தென். நம் சரஸ்வதி! பௌத்தத்தோடு சீனம் வழியாக இங்கு வந்து, தண்ணீருக்கும் இசைக்கும் கல்விக்கும் தெய்வமாக நிலைத்தவள். ஜப்பானின் மூன்று பெரும் பென்சாய்தென் தலங்களில் இது ஒன்று.

இங்கேதான் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்த மன்னார்குடிப் பாட்டி. வயது 74. படகிலிருந்து இறங்கியதும் வழிகாட்டி அம்மையார் சொன்னார்: “இங்கிருந்து கோயிலுக்கு 165 படி. முடியாதவர்கள் கீழே கடையில் உட்காரலாம்.” பேத்தி அதைத் தமிழில் சொன்னதும் பாட்டி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “பழனியிலே ஏறினவளுக்கு இது ஒரு படியா? நட!” என்றார்.

ஏறினார். நாங்கள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம், பாட்டி ஓரிடத்தில் மட்டும் நின்றார். அதுவும் மூச்சுக்காக அல்ல, திரும்பி ஏரியைப் பார்ப்பதற்காக. “எங்க ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைக் கடல்னு நெனச்சு வளர்ந்தவ நான். இதுக்கு என்ன பேர் வைக்கிறது?” என்று கேட்டார்.

மேலே சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேத்தியை அழைத்து, “ஏண்டி, சரஸ்வதின்னே. எட்டுக் கை இருக்கு. வாள் இருக்கு, அம்பு இருக்கு. வீணையைக் காணோமே?” என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே வழிகாட்டி அம்மையாரிடம் ஜப்பானிய மொழியில் கொண்டுபோனோம். அவர் ஒரு கணம் யோசித்தார். பாட்டியின் கையைப் பிடித்து வெளியே திண்ணைக்கு அழைத்துவந்தார். ஏரியைக் கைகாட்டிச் சொன்னார்: “பிவா என்பது நரம்பிசைக் கருவியின் பெயர். அதன் வடிவில் இருப்பதால்தான் ஏரிக்கு இந்தப் பெயர் என்பார்கள். அவள் வீணை உள்ளே இல்லை பாட்டி. இதோ, இதுதான்.”

பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஏரியைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று அந்தத் திண்ணையில் நின்ற நாங்கள் பதினைந்து பேரும் கைகூப்பினோம்.

கதை அதோடு முடியவில்லை. ஹோகோன்ஜியை அடுத்து சுகுபுசுமா ஆலயம். அங்கே ஏரியைப் பார்த்த ஒரு மண்டபம் இருக்கிறது. சுடுமண்ணில் செய்த சின்னத் தட்டு இரண்டு தருவார்கள், காவராகே என்று பெயர். ஒன்றில் நம் பெயர், இன்னொன்றில் நம் வேண்டுதல். கீழே பாறை முனையில் ஒரு தோரி, அதாவது ஆலய நுழைவாயில், நிற்கிறது. தட்டு அந்த வாசலுக்குள் புகுந்துபோனால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. வாசலைச் சுற்றித் தரையே வெள்ளையாகக் கிடக்கும், அத்தனை பேர் எறிந்த ஓட்டுச் சில்லு. இளைஞர்கள் எறிந்தார்கள், காற்று அடித்துக்கொண்டு போனது. என் தட்டு வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே விழுந்தது. பாட்டி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நிற்கிறார். “என்ன பாட்டி?” என்றால், “இதைப் போடலாமா? ஏரித் தண்ணி அழுக்காகாதா? தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதேம்பாங்க” என்கிறார்.

அவையோரே, அந்தப் பழமொழியை நான் அந்தப் பயணத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அது பாட்டியின் வாயிலிருந்து தானாக வந்தது. வெறும் மண், சாயமோ மெருகோ கிடையாது, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று விளக்கிய பிறகுதான் எறிந்தார். முதல் தட்டு கைக்குக் கீழேயே விழுந்தது. இரண்டாவது தட்டு சுழன்று சுழன்று போய் வாசல் தூணில் உரசி உள்ளே நுழைந்தது! பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். என்ன வேண்டிக்கொண்டார் என்று பேத்தி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டி சொல்லவில்லை.

அந்தப் பென்சாய்தெனின் மூலத் திருமேனியை 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறந்து காட்டுவார்கள். அடுத்த முறை 2037. அப்படியென்றால் முன்பு திறந்தது 1977. அந்த 1977ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஏரித் தண்ணீர் செம்பழுப்பாக மாறி, மீன் கவிச்சி வீசியது. செம்பாசி. நுண்ணுயிர்ப் பாசி ஒன்று அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்தது. அதற்குத் தீனி போட்டது யார்? நாம்தான், மனிதர்கள். வயல் உரமும் ஆலைக் கழிவும் போக, வீட்டில் துணி துவைக்கும் டிடர்ஜென்டில் இருந்த பாஸ்பரஸும் சாக்கடை வழியாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தாயின் மடியில் நாமே விஷம் கரைத்திருக்கிறோம் என்று முதலில் உணர்ந்தவர்கள் அந்த ஊர் இல்லத்தரசிகள். டிடர்ஜென்டை நிறுத்தினார்கள். எண்ணெயிலிருந்து செய்யும் பழைய சோப்புத்தூளுக்கு மாறினார்கள். வறுத்து மிஞ்சிய எண்ணெயைத் தெருத் தெருவாகச் சேகரித்து சோப்பு செய்யக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்தாரிடம் பேசினார்கள். மூன்றே ஆண்டில் அந்த மாகாணத்தில் சோப்புத்தூள் பயன்படுத்தும் வீடுகள் எழுபது விழுக்காட்டைத் தாண்டின.

பிறகு அரசாங்கத்துக்கு வேறு வழியில்லை. தயாரிப்பாளர்கள் தரப்பில் கடும் எதிர்ப்பு. இருந்தும் 1979இல் சட்டம் நிறைவேறியது, 1980 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. பாஸ்பரஸ் கலந்த வீட்டு டிடர்ஜென்டை விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது! கோடைக்கு ஒன்று, ஆண்டு முடிவுக்கு ஒன்று என்று டிடர்ஜென்ட் பெட்டியைப் பரிசாக அனுப்பும் பழக்கம் உள்ள நாட்டில் அந்த ஒரு சொல்லைச் சட்டத்தில் சேர்த்தவர்களின் நுணுக்கத்தைப் பாருங்கள். பாஸ்பரஸ் இல்லாத டிடர்ஜென்ட் கடைக்கு வந்ததும் சோப்புத்தூள் மறுபடி குறைந்துபோனது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஜூலை 1 இன்றும் பிவா ஏரி நாளாக நிற்கிறது. அதையொட்டி ஊர் ஊராக மக்கள் இறங்கிக் கரையைச் சுத்தம் செய்கிறார்கள். நான் இன்று இங்கே நிற்பதே அந்த நாளுக்காகத்தான்.

கோட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹிகோனே கோட்டையை நீங்களே பார்த்தீர்கள். 1622இல் கட்டி முடித்தது. பழைய மரக் கோபுரம் அப்படியே நிற்கும் 12 கோட்டைகளில் ஒன்று, தேசியப் பொக்கிஷமான ஐந்தில் ஒன்று. சிவப்புத் தலைக்கவசம் போட்ட வெள்ளைப் பூனை ஹிகோன்யானோடு நம் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டதை அவர்களே சொல்வார்கள்.

எனக்கு அசுச்சிதான் மனத்தில் நிற்கிறது. போர்த்தலைவர் ஓடா நொபுனாகா 1576இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1579இல் கோபுரம் எழுந்தது, 1582இல் அவர் மாண்ட சில நாளில் எரிந்தது. மூன்றே ஆண்டு வாழ்வு. இன்று கல் படிகளும் அடித்தளமும்தான். அதன் மேல் இரண்டு மாடிகளை 1992இல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மறுபடி செய்தார்கள், அது மலையடியில் ஓர் அருங்காட்சியகத்தில் பொன்னும் அரக்குச் சிவப்புமாக நிற்கிறது. அதைவிட என்னை உலுக்கியது வேறு. நொபுனாகா காலத்தில் அந்த மலையின் மூன்று பக்கமும் தண்ணீர். படகு வந்து கோட்டையடியில் நிற்கும். இன்று மேலேறிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை நெல் வயல். பெரிய ஏரியை ஒட்டிச் சின்னச் சின்ன ஏரிகள் இருந்தன, நைகோ என்பார்கள். நாணல் வளர்ந்து தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கும். மீன் முட்டையிட வரும். போர்க்காலத்திலும் அதன் பிறகும் உணவுப் பஞ்சத்துக்காக அவற்றில் பெரும்பகுதியைத் தூர்த்து வயலாக்கினார்கள். பசித்தவர்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரகத்தை வெட்டி எடுத்த பிறகு உடம்புக்கு ஏன் நோய் வருகிறது என்று கேட்க முடியுமா?

பக்கத்து ஊர் ஒமிஹச்சிமான். 1585இல் வெட்டிய கால்வாய் அந்த ஊரின் நடுவே ஓடுகிறது. பொருளாதாரம் கொழித்த ஆண்டுகளில் அது சேறும் குப்பையுமாய் நாறிப்போய், மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த ஊர் இளைஞர்கள் 1970களில் எழுந்து, மூடிய கணத்திலேயே வருத்தம் தொடங்கிவிடும் என்று முழக்கம் வைத்தார்கள். முழக்கத்தோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாங்களே சேற்றில் இறங்கி அள்ளினார்கள். கடைசியில் அரசு திட்டத்தை மாற்றிக்கொண்டது. இன்று வெள்ளைச் சுவர்க் களஞ்சியங்களுக்கு நடுவே அந்தக் கால்வாயில் சுற்றுலாப் படகு போகிறது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பதை அவர்கள் மண்வெட்டியால் எழுதிக் காட்டினார்கள்.

அருங்காட்சியகத்தைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. குசாத்சுவில் 1996இல் திறந்த பிவா ஏரி அருங்காட்சியகத்துக்கு நமக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்தான். இந்த ஏரியில் மட்டுமே வாழும் உயிரினங்கள் அறுபதுக்கு மேல், அவற்றில் சிலவற்றை அங்கே உயிரோடு பார்க்கலாம். அடுத்த முறை அரை நாள் ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1983 முதல் ஷிகாவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘உமினோகோ’ என்ற பள்ளிக் கப்பலில் ஏறி, ஓர் இரவு ஏரியில் தங்கி, தண்ணீரைத் தாங்களே அள்ளிச் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகத்து ஏரி அல்ல.

நம் பிள்ளைகள் இதே தண்ணீரைக் குடித்து வளர்கிறார்கள். ஆகவே தலைவர் அவர்களிடமும் உங்களிடமும் நான் கேட்பது இரண்டு. ஜூலை 1ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு ஒருவராவது கரை சுத்தம் செய்ய வர வேண்டும். குளிர்காலத்தில் ஒமிஹச்சிமான் பக்கம் நாணல் அறுப்பார்கள். அறுத்தால்தான் வசந்தத்தில் புதுத் தண்டு நன்றாக எழும். அதற்கும் நம்மில் பத்துப் பேராவது போக வேண்டும். அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காத மரபில் வந்தவர்கள் நாம். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு ஞாயிறு கொடுக்க மாட்டோமா?

பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. ஒத்சு ரயில் நிலையத்தில் காலை எட்டரைக்குக் கூடுவோம். கையுறை, தொப்பி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தால் போதும், குப்பைப் பைகளை நான் வாங்கி வைக்கிறேன். மன்னார்குடிப் பாட்டி ஜூலை 10ஆம் தேதிதான் ஊர் திரும்புகிறார். தாளில் முதல் பெயர் அவருடையது.

பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், விடியற்காலையிலேயே எழுந்து சமைத்து இவ்வளவு நேரம் காத்திருக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் நன்றி. வணக்கம்.